டாட் மேட்ரிக்ஸ் அடிக்கவில்லையா? பிரிண்டர் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வேலூர் மண்டித் தெருவில் ஓர் அரிசிக் கடையில் பில் போடும் பிரிண்டர் திடீரென்று நின்றுபோனது. என்னைக் கூப்பிடுவதற்குள் கடைக்காரர் விண்டோஸையே புதிதாக ஏற்றிப் பார்த்துவிட்டார். பழுதோ கேபிளின் நுனியில் இருந்தது. வெள்ளை, ரோஸ், மஞ்சள் என மூன்று நகலும் ஒரே அடியில் விழ வேண்டும் என்பதால், ஊசிகளால் ரிப்பனில் தட்டி எழுத்தைப் பதிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை வியாபாரிகள் விடுவதாக இல்லை. ஆகவே அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். பிரிண்டரை அணைத்து, டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டுத் தாளை ஏற்றுங்கள். எப்சன் எல்எக்ஸ்-300 போன்றவற்றில் எல்எஃப்/எஃப்எஃப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டால் எழுத்துகளை வரிவரியாக அடித்துத் தள்ளும். அடித்தால் பிரிண்டர் நலம். அடிக்காவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

அடுத்தது கேபிள். பிரிண்டர், கம்ப்யூட்டர் இரண்டையும் அணைத்த பிறகே கழற்றுங்கள், மாட்டுங்கள். பென் டிரைவைப் போல ஓடும்போதே பிடுங்கிச் செருகும் சாமான் இல்லை இது. (ஊதா நிறத் துளையில் செருகும் பிஎஸ்/2 கீபோர்டும் அப்படித்தான். கழன்றுவிட்டால் மாட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.) கம்ப்யூட்டர் பக்கத்து முனையில் 25 ஊசிகள், 13-ம் 12-மாக இரண்டு வரிசை. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அரிசிக் கடைக் கேபிளில் ஓர் ஊசி பக்கத்து ஊசியின் மேல் படுத்துக் கிடந்தது. தீர்ந்துபோன பேனா ரீஃபிலின் முனையைப் பிடுங்கிவிட்டு, வெறும் குழாயை ஊசியின் மேல் மாட்டி, மெல்ல நிமிர்த்தினேன். இடுக்கியால் நெம்பினால் ஒடிந்துவிடும். செருகிய பின் இருபுறத் திருகுகளையும் முடுக்க மறக்காதீர்கள்.

இனி விண்டோஸ். கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் எல்பிடி1 தெரிகிறதா? கேபிளைச் செருகும் அந்த 25 துளை வாய்க்கு, அதாவது பேரலல் போர்ட்டுக்கு, விண்டோஸ் வைத்த பெயர் அது. தெரியவில்லை என்றால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்பில்) அந்தப் போர்ட்டை யாரோ அணைத்து வைத்திருக்கலாம். தெரிந்தால், பிரிண்டர் ப்ராபர்ட்டீஸில் போர்ட்ஸ் பகுதிக்குப் போய் எல்பிடி1-ஐத் தேர்ந்தெடுங்கள்.

புதிய கம்ப்யூட்டரில் அந்த 25 துளை வாயே இருக்காது. யுஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள் வாங்குவீர்கள். தலைவலி அங்கேதான் ஆரம்பம். அதற்கு விண்டோஸ் கொடுக்கும் பெயர் எல்பிடி1 அல்ல, யுஎஸ்பி001. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பில்லிங் மென்பொருள் எல்பிடி1-ஐத் தவிர வேறொன்றையும் அறியாது. பிரிண்டரை இடைவெளி இல்லாத சிறு பெயரில் ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்தப் பெயரோடு இணைத்துவிட்டால் அடிக்கும்.

கன்வெர்ட்டரை இன்று ஒரு யுஎஸ்பி துளையிலும் நாளை இன்னொன்றிலும் செருகினால், அதே பிரிண்டருக்கு விண்டோஸ் இன்னொரு நகலை உருவாக்கிக்கொள்ளும். பில் பழைய பெயருக்குப் போய் ஆஃப்லைன் என்று நிற்கும். அரிசிக் கடைக்காரரின் மனைவி சரியான துளைக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை.