மேக்னம் தோட்டாவுக்கு எந்த மருந்து? கூடு ஒன்று, மருந்து மூன்று

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் வேட்டைக்குப் போகிற நம் பிள்ளைகள் புதிதாக ரீலோடிங் (சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா கட்டுவது) தொடங்கும்போது என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, மேக்னத்துக்கு எந்த மருந்து நல்லது?" என்பதுதான். ஒரு டப்பாவின் பெயரைச் சொல்லி இதற்குப் பதில் தர முடியாது. மேக்னம் (வலுக் கூடிய தோட்டா) என்ற சொல்லைப் பார்த்து மருந்து வாங்கக் கூடாது. கூட்டின் கொள்ளளவு, குழலின் விட்டம், குண்டின் எடை, இந்த மூன்றையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உங்கள் பெயரில் உரிமம் உள்ள துப்பாக்கிக்கு, உங்கள் சொந்த உபயோகத்துக்குத்தான் தோட்டா கட்டலாம். மாமா மகனுக்கும் சேர்த்துக் கட்டித் தருவது உதவி ஆகாது.

முதல் படி: மருந்து எப்படி எரிகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த சோகை குபீரென்று பற்றி நொடியில் அடங்கிவிடும். அதே தீயை வாட்டில் கட்டையில் வைத்தால் நிதானமாகப் பிடித்து நெடுநேரம் நின்று எரியும். துப்பாக்கி மருந்திலும் இப்படி வேகமானது, மெதுவானது என்று உண்டு. மெதுவானது என்றால் பலம் குறைந்தது என்று அர்த்தமில்லை. குண்டு குழலில் நகர நகர, பின்னாலிருந்து தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை.

இப்போது என் மாமாவின் பெட்டகத்தில் இருக்கும் மூன்று துப்பாக்கிகளைப் பாருங்கள்: .300 வின்செஸ்டர் மேக்னம், .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம், .458 வின்செஸ்டர் மேக்னம். பெயரில் உள்ள எண் ஏறக்குறைய குழலின் விட்டம், அங்குலக் கணக்கில். மூன்றின் கூடும் ஒரே வம்சம். 1912இல் வந்த .375தான் தாய், 1956இல் .458, 1963இல் .300 அதிலிருந்து பிறந்தன. உள்ளே பிடிக்கும் அளவும் ஏறத்தாழ ஒன்றுதான், தண்ணீர் ஊற்றி நிறுத்தால் 90 முதல் 95 கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சிறிய எடை அளவு) வரை. அப்படியானால் மருந்தும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. .300இன் குண்டை விட .375இன் குண்டுக்கு அடிப்பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, .458க்கு இரண்டு மடங்குக்கும் மேல். குழலின் வாய் அகலமாக இருந்தால், குண்டு ஓர் அங்குலம் நகர்ந்தாலே வாயுவுக்குப் பெரிய இடம் கிடைத்து அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அதை ஈடுகட்ட மருந்து வேகமாக எரிய வேண்டும். வாய் குறுகினால் மெதுவாக எரிய வேண்டும்.

அதனால் .300க்கு ஹாட்ஜ்டன் எச்4831, எச்1000, நம் நாட்டு சோம்கெம் எஸ்385 போன்ற மெதுவான மருந்துகள் பொருந்தும். .375க்கு நடுத்தரமானது, எச்4350 அல்லது அதைவிடக் கொஞ்சம் வேகமானது. .458க்கு எச்4895, எஸ்335 போன்ற வேகமான வகை. நான் தொடங்கிய காலத்தில் "மேக்னம்தானே" என்று .300க்கு வாங்கிய மெதுவான மருந்தையே .375க்கும் போட்டேன். வேகம் ஏறவே இல்லை. குழலில் எரியாத மணிகள் கிடந்தன. அன்றைக்குத்தான் இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது.

இரண்டாம் படி: குண்டை முடிவு செய்த பிறகே கையேட்டை (எந்தக் குண்டுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்லும் புத்தகம்) திறங்கள்

வேட்டை எதற்கு, குடு மானா, ஈலண்டு மானா, எருமையா? முதலில் குண்டு முடிவாகட்டும். ஒரே விட்டத்தில் எடை கூடக்கூட மருந்து மெதுவான பக்கம் போகும். முழுக்கச் செம்பால் கடைந்த குண்டுக்கு, ஈயம் வைத்த குண்டின் கணக்கைப் போடாதீர்கள். எடை ஒன்றாக இருந்தாலும் அது நீளம், குழலில் பிடிப்பும் வேறு. குண்டு செய்தவர் தரும் கணக்கையே எடுங்கள்.

கையேட்டில் உங்கள் குண்டுக்கு ஐந்தாறு மருந்துகள் இருக்கும். கூட்டை 90 முதல் 100 விழுக்காடு வரை நிரப்புபவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நிறைந்த கூட்டில் மருந்து ஆடாது, பற்றுவதும் ஒரே சீராக இருக்கும். அதற்காகத் திணிக்கவும் வேண்டாம். தொடக்க கால .458 தோட்டாக்களில் உருண்டை மணிகளாக உள்ள மருந்தை அமுக்கி அடைத்ததால் அது கட்டிபட்டு, சரியாகப் பற்றாமல் போனது.

நிரம்பாத பக்கத்தில் இருக்கும் ஆபத்து இன்னும் மோசம். "உதை குறையட்டும்" என்று பெரிய கூட்டில் மெதுவான மருந்தைக் கையேட்டின் தொடக்க அளவுக்கும் கீழே போடாதீர்கள். அப்படிப் போட்டதில் அழுத்தம் எகிறித் துப்பாக்கியே பிளந்திருக்கிறது. ஏன் அப்படி ஆகிறது என்பது இன்றும் முழுதாகத் துலங்கவில்லை. தெரிந்தே அதில் கை வைக்காதீர்கள், தம்பி.

மூன்றாம் படி: டப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

ஹாட்ஜ்டனின் எச்4831 வேறு, ஐஎம்ஆர் என்ற பிராண்டின் 4831 வேறு. எண் ஒன்றுதான், ஆனால் ஐஎம்ஆர் வேகமாக எரியும். ஒன்றின் அளவை மற்றதில் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டலாம். எரிவேகப் பட்டியல் எது முன், எது பின் என்ற வரிசையை மட்டுமே சொல்லும். பட்டியலில் பக்கத்தில் இருக்கிறது என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே அளவில் போட முடியாது.

நான்காம் படி: வெயிலை யோசியுங்கள்

சூடு ஏறினால் மருந்தின் அழுத்தமும் ஏறும். கார்டைட் என்ற பழைய மருந்தின் காலத்தில் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இதனால்தான் பெரிய கூட்டையும் குறைந்த அழுத்தத்தையும் விரும்பினார்கள். .416 ரிக்பிக்கு ஐரோப்பிய அழுத்த உச்ச வரம்பு 3,250 பார் (அழுத்தத்தின் அலகு); .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு 4,300. நவீன மேக்னங்களில் அந்தத் தாராளம் கிடையாது. மாமா ஒரு ஜூலையில், நம் மிட்லேண்ட்ஸ் குளிரில், உச்சத்தை ஒட்டி ஓர் அளவை முடிவு செய்தார். அதே தோட்டாக்கள் லிம்போபோவில் நண்பகல் வெயிலில் வண்டியின் முன்பலகையில் கிடந்தன. சுட்டதும் போல்ட் (கூட்டைப் பின்னாலிருந்து பூட்டும் தாழ்) இறுகிவிட்டது, உள்ளங்கையால் தட்டித்தான் தூக்கினார். எச்4350, எச்4831, எச்1000 போன்றவை வெப்பத்தால் அதிகம் மாறாதபடி செய்யப்பட்டவை. எதை வாங்கினாலும் தோட்டா வெயிலில் கிடக்க விடாதீர்கள். வெயில் காலத்தில் ஒருமுறை சுட்டுச் சோதித்த பிறகே அளவை உறுதி செய்யுங்கள்.

ஐந்தாம் படி: பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி)

கூடு பெரிது, மருந்து மெதுவானது. பற்றவைக்கத் தீயும் வலுவாக வேண்டும். பெரும்பாலான கையேடுகள் இங்கே மேக்னம் பிரைமரையே குறிப்பிடும். கையேடு எதைச் சொல்கிறதோ அதுவே. பிரைமரை மாற்றினால் மருந்தைக் குறைத்து முதலிலிருந்து வாருங்கள்.

ஆறாம் படி: ஏறிப் பாருங்கள்

கையேட்டின் தொடக்க அளவில் மூன்று தோட்டா. அப்புறம் அரை கிரெய்ன் கூட்டி மூன்று. இப்படியே மேலே போங்கள், ஒவ்வொன்றையும் குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வேகம் பாருங்கள். போல்ட் இறுகுவது, பிரைமர் தட்டையாவது, கூட்டின் அடியில் பளபளப்பான தடம், இவற்றில் எது தெரிந்தாலும் நிறுத்துங்கள். இவை தெரியும்போது அழுத்தம் ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும். அதனால் நான் வேகத்தையே முதலில் நம்புகிறேன். கையேட்டின் உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டால், அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் அதுதான் உங்கள் உச்சம்.

குழல் வடிவில் நீளமான மணிகளாக உள்ள மருந்து, அளந்து ஊற்றும் கருவியில் சிக்கி ஒருமுறை குறைவாகவும், மறுமுறை கூடுதலாகவும் விழும். மேக்னத்துக்கு ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தே போடுங்கள்.

டர்பன், தொங்காட் பக்கம் இருப்பவர்கள் ஈரக்காற்றையும் கவனிக்க வேண்டும். மருந்து ஈரத்தை இழுத்தால் மெதுவாகும், காய்ந்தால் வேகமாகும். டப்பாவை உடனே மூடுங்கள், வேறு பாத்திரத்துக்கு மாற்றாதீர்கள். புளித்த வாடையோ செம்பழுப்புத் தூளோ தெரிந்தால் அந்த மருந்து கெட்டுவிட்டது. டப்பா தீர்ந்து புதிது வாங்கினால் லாட் எண்ணை (எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண்) பாருங்கள். எண் மாறியிருந்தால் சில கிரெய்ன் குறைத்து, ஆறாம் படியை மறுபடி செய்யுங்கள்.