டேப் பேக்கப்: யூனிக்ஸ் சர்வரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வர்களைச் சில காலம் கவனித்து வந்தேன். தைப்பூசத்துக்கு முதல் நாள் ஹார்ட் டிஸ்க் ஒன்று உயிரை விட்டது. நான் பதறவில்லை. இரவுதோறும் ஐந்து கோப்பகங்களின் பேக்கப், அதாவது பாதுகாப்பு நகல், காந்த டேப்பில் ஏறிக்கொண்டிருந்தது. லாக் கோப்பிலும் ஐந்துக்கும் பிழையே இல்லை. டேப்பைப் போட்டுப் பார்த்தால் ஐந்தாவது மட்டும்தான் இருந்தது. ஊரே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்க, நான் சர்வர் அறைக் குளிரில் விழித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் ஒரே ஓர் எழுத்து. லினக்ஸில் ஒரே டிரைவுக்கு எஸ்டி0, என்எஸ்டி0 என்று இரண்டு பெயர்கள் உண்டு. எஸ்டி0வில் எழுதினால், வேலை முடிந்ததும் டேப் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். கோப்புகளை ஒன்றாகக் கட்டி எழுதும் டார் கட்டளை அடுத்து வரும்போது முதலிலிருந்தே எழுதும். டேப்பில் ஓரிடத்தில் எழுதிவிட்டால் அதற்கு அப்பால் உள்ளதும் போனதாகவே கணக்கு. முன்னால் 'என்' சேர்ந்த பெயர்தான் சுற்றாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். சோலாரிஸ் என்ற இன்னொரு யூனிக்ஸிலும் இதே வேறுபாடு உண்டு. அங்கே 'என்' பெயரின் கடைசியில் வரும்.

என்எஸ்டி0வுக்கு மாறியதும், டேப் எங்கே நிற்கிறது என்பது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. வெளியே எடுத்து மறுபடி போட்ட டேப் தொடக்கத்தில்தான் நிற்கும். பழையதோடு சேர்த்து எழுத, டேப்பை நகர்த்தும் எம்டி கட்டளையில் 'இஓடி' கொடுத்து முடிவுக்குப் போன பிறகே எழுத வேண்டும். மூன்றாவது பேக்கப் வேண்டுமென்றால் ரிவைண்ட் செய்துவிட்டு, முன்னால் உள்ளவற்றைத் தாண்டிப் போக 'எஃப்எஸ்எஃப் 2' கொடுங்கள். 3 அல்ல, தாண்ட வேண்டியவை இரண்டுதானே. ரிவைண்டைத் தவிர்த்து மனக்கணக்குப் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

அடுத்தது பிளாக் அளவு, அதாவது டேப்பில் ஒரே தடவையில் எழுதும் துண்டின் அளவு. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனூ டார் சும்மா விட்டால் 10,240 பைட்டுகளாக எழுதும். வேகத்துக்காக இதைப் பெரிதாக்குவது நல்லதுதான். ஆனால் படிக்கும்போது அந்த அளவைச் சொல்ல மறந்தால், நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று லினக்ஸ் ஒரு பிழை காட்டும். அதை நம்பி ராம் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். எழுதிய பிளாக் அளவை டேப் உறையிலேயே பேனாவால் குறித்து வையுங்கள்.

எல்டிஓ என்ற டேப் வகையின் எட்டாம் தலைமுறையான எல்டிஓ-8 உறையில் 30 டெராபைட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உண்மைக் கொள்ளளவு 12தான். மற்றது தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்ற நம்பிக்கை. ஏற்கெனவே சுருங்கிய படங்களும் வீடியோக்களும் அப்படிச் சுருங்காது.

தரவு மெதுவாக வந்தாலும் தொல்லை. டிரைவ் நின்று, பின்னே போய், மறுபடி ஓடும். டேப்பும், அதைப் படித்து எழுதும் ஹெட்டும் தேயும். தரவைச் சேர்த்து வைத்து அனுப்பும் எம்பஃபர் நிரலை இடையில் வைத்தால் ஓட்டம் சீராகும். சுத்தம் செய்யும் டேப்பை டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள். வாராவாரம் போடுவது பக்தி அல்ல, தேய்மானம்.

நம் ஊர் ஈரக்காற்றையும் மறக்க வேண்டாம். குளிர் அறையிலிருந்து வெளியே வந்த டேப்பில் நீர் பூக்கலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் டேப்பை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வெளியே போய்த் திரும்பி வந்த டேப்பை ஒருநாள் அறையிலேயே வைத்திருந்து, பிறகு டிரைவில் போடுங்கள்.

புது டிரைவ் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: எல்டிஓ-7 டிரைவ் இரண்டு தலைமுறை பழைய டேப்பையும் படிக்கும், எல்டிஓ-8 ஒரு தலைமுறைதான் பின்னே போகும். அலமாரியில் எல்டிஓ-6 டேப்புகள் இருக்கும்வரை பழைய டிரைவை விற்றுவிடாதீர்கள்.