நாயை வேலைக்குப் பயன்படுத்தும் வீடுகளுக்கு பிளட்ஹவுண்ட் குட்டிகளை உருவாக்குதல்

பிளட்ஹவுண்ட் உடலளவில் ஏறத்தாழ ஒன்றரை வயது வரையிலும், மனத்தளவில் இரண்டு அல்லது மூன்று வயது வரையிலும் குட்டியாகவே இருக்கும் இனம். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் இருந்த புனித ஹூபர்ட் மடத்து வேட்டை நாய்களின் வழிவந்ததாகக் கருதப்படும் இந்த மோப்ப நாயை, அமெரிக்காவில் காவல் துறையினரும், காணாமற்போனவர்களைத் தேடும் தன்னார்வக் குழுவினரும் மனிதரின் தடம் பிடிக்கப் பயன்படுத்துகிறார்கள். இந்த வேலைக்குக் குட்டி ஈனச் செய்பவர் முதலில் ஏற்க வேண்டியது, இந்த இனத்தில் அவசரப்பட்டு எடுக்கும் எந்த முடிவும் பிற்பாடு நாயின் எலும்பிலோ மனத்திலோ வெளிப்பட்டே தீரும் என்பதைத்தான்.

தாய், தந்தை இரண்டுக்கும் இரண்டு வயது முடியும் முன் இணை சேர்க்கக் கூடாது. அமெரிக்காவின் விலங்கு எலும்பியல் அறக்கட்டளை இடுப்பு மூட்டுக்கான இறுதிச் சான்றை 24 மாதங்களுக்குப் பிறகே வழங்குகிறது. ஆகவே அதற்கு முன் சினைப்படுத்துவது மூட்டின் நிலை தெரியாமலேயே செய்யும் செயலாகும். இடுப்பு மூட்டோடு முழங்கை மூட்டு, இதயம், கண் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். குறிப்பாகக் கண்ணிமைகளைப் பகல் வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்க வேண்டும்: இமை உள்நோக்கி மடிந்து மயிர் கண்ணில் உரசும் நாயும், இமை தொங்கித் தூசு சேரும் நாயும் முட்புதரில் அலையும் வேலைக்கு உதவமாட்டா. 2012இல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் கால்நடை மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்ட இனங்களில் இதுவும் ஒன்று. மடிப்புத் தோல் மணத்தைப் பிடித்து வைக்கிறது என்று சொல்லப்படுவதைக் காரணம் காட்டி அளவுக்கு மீறிய தோலை நியாயப்படுத்துவதை நான் ஏற்பதில்லை.

வம்சாவளியைப் பல தலைமுறைகளுக்குப் பின்னோக்கிப் பார்த்து உள்ளினக் கலப்பின், அதாவது நெருங்கிய உறவு நாய்களை இணை சேர்த்ததன், அளவைக் கணக்கிடுவது, எண்ணிக்கை குறைந்த இந்த இனத்தில் தவிர்க்கக் கூடாத வேலை. கண்காட்சிக் கோப்பைகளைவிட, பெற்றோர் நாய்கள் சில மணி நேரத்துக்கு முன் இட்ட தடத்தில், அதிலும் சாலையும் நடைபாதையும் நிறைந்த ஊருக்குள், எப்படி வேலை செய்கின்றன என்பதை நேரில் பார்ப்பதே பயன் தரும். மிரளும் பெட்டையை எவ்வளவு நல்ல மூக்கு இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும், ஏனெனில் குட்டிகள் தாயின் அச்சத்தைப் பார்த்தும் கற்றுக்கொள்கின்றன. குட்டி வாங்கப்போகும் வீடுகளின் பட்டியல் இணை சேர்ப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். ஒரே ஈற்றில் எட்டு, பத்துக் குட்டிகள் பிறப்பது இந்த இனத்தில் வியப்பில்லை.

கருமுட்டை வெளிவருவதைக் காட்டும் ஹார்மோனான புரோஜெஸ்டரோனின் அளவை அறியும் இரத்தப் பரிசோதனையைக் கொண்டு இணை சேர்க்கும் நாளைத் தீர்மானித்தால், கருமுட்டை வெளிவந்ததிலிருந்து சுமார் 63 நாள்களில் பிரசவத்தை எதிர்பார்க்கலாம். 55ஆம் நாளையொட்டி எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டிகள் என்பது தெரிந்துவிடும். பிளட்ஹவுண்ட் தாய் கனமானது, சற்று கவனக்குறைவானதும்கூட. படுக்கும்போது குட்டியைச் சுவரோடு நசுக்கிவிடாதபடி பிரசவப் பெட்டியின் உட்புறம் சுற்றிலும் தடுப்புச் சட்டம் பொருத்துவதும், முதல் சில நாள்கள் இரவிலும் ஆள் விழித்திருப்பதும் கட்டாயம். முதல் வாரத்தில் குட்டிகள் கிடக்கும் இடம் 30 டிகிரி செல்சியஸையொட்டி இருக்க வேண்டும். நாள்தோறும் எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். எடை கூடாமல் நிற்கும் குட்டியை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடற்புழு மருந்தை இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் வாரங்களில் கொடுப்பது வழக்கம்.

மூன்றாம் வாரம் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலம் திரும்பக் கிடைக்காது. இரும்புக் கம்பித் தளம், ஈரப்புல், சரளைக்கல், வாகனத்தின் பின்பகுதி, சைரன் ஒலி, குழந்தைகள், தொப்பி அணிந்தவர்கள் என நாளைய வேலையிடத்தில் எதிர்ப்படும் எல்லாவற்றையும் சிறு சிறு அளவில், குட்டி தானாக முன்வரும்போது காட்ட வேண்டும். எந்தக் குட்டி திடுக்கிட்ட பிறகு விரைவாகத் தேறிக்கொள்கிறது என்பதை வளர்ப்பவர் குறித்துவைத்தால், எதை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்பது தெளிவாகும்.

தீவனத்தில்தான் நல்ல மனத்தோடு கெடுதல் செய்யப்படுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் உடலால் தேவைக்கு மேல் வரும் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சாமல் தடுத்துக்கொள்ள இயலாது. ஆகவே பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரித்த தீவனத்தோடு கால்சியம் மாத்திரையோ எலும்புப் பொடியோ சேர்த்தால் எலும்பு வளர்ச்சி கெடும். விலா எலும்புகள் கண்ணுக்குத் துருத்தாமல், விரலுக்கு எளிதில் தட்டுப்படும் அளவுக்கு மெலிந்த குட்டியே சரியான குட்டி. கருத்தடை அறுவையையும், தக்க மருத்துவக் காரணம் இல்லாவிட்டால், எலும்பின் வளர்ச்சி முடியும் வரை தள்ளிப்போட வேண்டும்.

மூக்கு எட்டு வாரத்திலேயே தயார், உடல் தயாரில்லை. பழகிய ஒருவர் குட்டியின் கண்ணெதிரே ஓடி மரத்துக்குப் பின் ஒளிந்து, அது மோந்து வந்து கண்டுபிடித்ததும் உணவும் கொஞ்சலும் கொடுப்பதிலிருந்து தடப்பயிற்சி தொடங்குகிறது. பிறகு தூரம், தடம் இட்ட பின் கழிந்த நேரம், திருப்பங்கள் என்பவற்றில் ஒரு வேளைக்கு ஒன்றை மட்டுமே கூட்ட வேண்டும். மார்புப்பட்டையோடு முழு பலத்தில் இழுக்கவிடுவது, வாகனத்திலிருந்து குதிக்கவிடுவது, மிதிவண்டியோடு ஓட்டுவது ஆகியவை வளர்ச்சி முடியும் வரை கூடாது. எட்டாம் மாதத்துக்கும் பதினெட்டாம் மாதத்துக்கும் இடையே நாய் கற்றதையெல்லாம் மறந்ததுபோல் நடந்துகொள்ளும். அப்போது தடத்தைச் சுருக்கி எளிதாக்க வேண்டுமேயன்றி அதட்டக் கூடாது. தடித்த தோலுக்குள் இருப்பது கடுஞ்சொல் தாங்காத மனம்.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அனுபவத்தைவிடப் பொறுமையைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறும் நாய் வேண்டுமென்று கேட்கும் பயிற்சியாளரிடம் வேறு இனத்தைப் பரிந்துரைப்பதே நேர்மை. உயரமான வேலி உண்டா, எச்சில் வழிவதையும் ஊளையையும் வீட்டார் பொறுப்பார்களா, காலுறை முதல் கூழாங்கல் வரை விழுங்கும் நாயைக் கண்காணிக்க ஆள் உண்டா என்றும் கேட்க வேண்டும். இரைப்பை உப்பித் திருகிக்கொள்ளும் நோயின் அறிகுறிகளைக் குட்டியோடு சேர்த்தே சொல்லி அனுப்ப வேண்டும்: வயிறு உப்புதல், ஒன்றும் வெளிவராமல் குமட்டுதல், நிலைகொள்ளாமல் அலைதல். பிற இனங்களுக்குச் சொல்லப்படும் எச்சில் ஒழுகுதல் என்ற அறிகுறி இங்கே உதவாது, அது நாள் முழுதும் ஒழுகும். சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் இந்நோயைத் தவிர்க்க இரைப்பையை முன்கூட்டியே வயிற்றுச் சுவரோடு தைக்கும் அறுவையைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லது. உணவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்; வேலையையொட்டி உணவு கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்காகவும் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தத்தில் எழுதி, அதற்கு ஒரு கூண்டையும் காலியாக வைத்திருக்க வேண்டும். குட்டிகள் இரண்டு வயதை எட்டும்போது ஒவ்வொன்றின் மூட்டு எக்ஸ்ரே, கண் நிலை, தடவேலையின் பதிவு ஆகியவற்றை அந்தந்த வீட்டாரிடமிருந்து கேட்டு வாங்க வேண்டும். இரண்டரை வயதில் ஈன்ற தாய்க்கு அப்போது நாலரை வயதுதான் ஆகியிருக்கும். அதே இணையை மீண்டும் சேர்ப்பதா, வேறு கடுவனைத் தேடுவதா, அந்தப் பெட்டையை அதோடு நிறுத்திக்கொள்வதா என்பதை அந்தப் பதிவுகளைப் பார்த்த பின் முடிவு செய்யலாம்.