கைக்குழந்தையோடு கப்பல் பயணம்: சூட்டிலும் விளையாட்டிலும் நடக்கும் தவறுகள்

சிங்கப்பூர் போகிறவர்கள் கூடவே மூன்று, நான்கு இரவுக் கப்பல் பயணம் ஒன்றையும் சேர்த்துக்கொள்வது இப்போது சகஜமாகிவிட்டது. மரீனா பே முனையத்தில் ஏறினால் பினாங்கு, புக்கெட், போர்ட் கிளாங் என ஒன்றிரண்டு ஊர்களைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். ஆறு மாதம் முடியாத குழந்தையை ராயல் கரீபியன் உட்படப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள்தான் சிக்கல். டிக்கெட் உண்டு, கப்பலில் அவர்களுக்கான ஏற்பாடு குறைவு. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஏறுவதுதான் முதல் தவறு. மற்றவை அதன் பின்னாலேயே வரிசையாக வரும்.

காற்றை நம்புவது

கப்பல் ஓடும்போது மேல்தளத்தில் எப்போதும் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் நமக்குச் சூடே தெரியாது. ஆனால் வெயில் உடம்பில் இறங்குவது குறைவதில்லை. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்மைவிட அதிகம், வியர்க்கும் திறனோ குறைவு. அதனால் நமக்கு இதமாக இருக்கும் இடத்திலேயே குழந்தையின் உடம்பு சூடேறிவிடும்.

நம் வீடுகளில் இதற்கு நேர் எதிரான பயம்தான் அதிகம். "கடல் காத்து பிள்ளைக்கு ஆகாது" என்று குல்லா, சாக்ஸ், ஸ்வெட்டர் எல்லாம் மாட்டித் தளத்துக்குத் தூக்கிப் போவார்கள். உள்ளங்கை சில்லென்று இருப்பதைப் பார்த்துக் குளிருகிறது என்று இன்னொரு துணியையும் போர்த்துவார்கள். சிறு குழந்தைகளுக்குக் கையும் காலும் பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும். தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் பிடரியும் மார்பும். பிடரி பிசுபிசுப்பாகச் சுட்டால் உடனே உள்ளே போக வேண்டும். மேல்தளத்துக்கு ஒரு மெல்லிய பருத்திச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் போதும். முழுக்கைச் சட்டை தேவைப்படுவது ஏசி அடிக்கும் உணவகத்திலும் அரங்கத்திலும்தான். அதைப் பையிலேயே வைத்திருந்து உள்ளே நுழையும்போது போட்டுவிடுங்கள்.

சென்னைக் கணக்கில் வெயிலைப் பார்ப்பது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12:10-க்கு. சிங்கப்பூரில் 1 மணி. பினாங்கு இன்னும் மேற்கே இருந்தாலும் கடிகாரம் சிங்கப்பூர் நேரம்தான் என்பதால் அங்கே உச்சி 1:20 வாக்கில். ஆக, "மூணு மணி ஆயிடுச்சு, வெயில் தாழ்ந்துடுச்சு" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பினாங்கில் இறங்கினால், சென்னையின் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முந்தைய வெயிலில் நிற்கிறீர்கள். இந்த வட்டாரம் நிலநடுக்கோட்டை ஒட்டியது. மேகம் இல்லாத நாளில் நண்பகலை ஒட்டிப் புற ஊதாக் குறியீடு (வெயிலின் தோல் சுடும் வீரியத்தைக் காட்டும் எண்) மிக ஆபத்தான அளவான 11-ஐயும் தாண்டும். கடல்நீரும் வெள்ளைத் தளமும் அதைத் திருப்பி அடிப்பதால் குடைக்கு அடியிலும் முழுப் பாதுகாப்பு இல்லை.

அதனால் வெளியே இருக்கும் நேரத்தைக் காலை 10 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் என்று வைத்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூரில் பொழுது சாய ஏழு மணி ஆகும் என்பதால் மாலையில் தாராளமாக நேரம் கிடைக்கும். பகல் தூக்கத்தை 12-லிருந்து 3 வரையிலான நேரத்துக்குள் தள்ளிவிட்டால் மோசமான வெயில் கேபினிலேயே கழிந்துவிடும்.

தள்ளுவண்டியைத் துணியால் மூடுவது

வெயில் படக்கூடாது என்று ஸ்ட்ரோலரின் முகப்பை மஸ்லின் துணியால் மூடுவது பார்க்க அக்கறையான செயல். உள்ளே காற்றோட்டம் நின்றுபோய் வெப்பம் தேங்குகிறது. 2014-இல் ஸ்வீடனின் ஸ்வென்ஸ்கா டாக்ப்ளாடெட் நாளிதழ் சோதித்துப் பார்த்தபோது, மூடாத வண்டிக்குள் 22 டிகிரி இருந்தது, மெல்லிய துணி போட்ட அரைமணி நேரத்தில் 34 டிகிரியானது. அது ஸ்வீடன். நம் வட்டாரத்தில் தொடக்கமே 31, 32 டிகிரி. வண்டியோடு வரும் மேற்கூரையை மட்டும் பயன்படுத்துங்கள், பக்கங்கள் திறந்திருக்கட்டும். பேட்டரியில் ஓடும் சிறு விசிறியை மாட்டலாம். விசிறியின் முன்வலை நெருக்கமானதாக, விரல் நுழையாததாக இருக்க வேண்டும். பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில், முகத்துக்கு நேராக வீசாதபடி திருப்பி வையுங்கள்.

வண்டியை வாங்கும்போதே அகலத்தைக் கவனியுங்கள். கேபின் கதவு குறுகலானது, நடைபாதையில் வண்டியை நிறுத்த விடமாட்டார்கள். ஒரே கையால் மடியும் குடைவகை ஸ்ட்ரோலர்தான் கப்பலுக்குச் சரி.

எண்ணெய், பவுடர், ஸ்பிரே

தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்காது. புழுக்கத்தில் துவாரங்களை அடைத்து வேர்க்குருவைக் கிளப்பும். அதன்மேல் கழுத்து மடிப்பில் பவுடர் கொட்டினால் வியர்வையோடு சேர்ந்து களிம்பாகும், பறக்கும் தூள் மூச்சிலும் போகும். மடிப்புகளை ஈரத்துணியால் ஒற்றித் துடைத்துக் காயவிட்டாலே போதும்.

சன்ஸ்கிரீன் துத்தநாக ஆக்சைடு கலந்தது, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாதது. வெளியே போக 15, 20 நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரில் நனைந்த பிறகும் மறுபடி பூச வேண்டும். காது மடல், பிடரி, பாதத்தின் மேல்பகுதி மூன்றையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்பிரே வகை வேண்டவே வேண்டாம். தளத்துக் காற்றில் பாதி பறந்துபோகும், மீதி கண்ணில் விழும்.

நீச்சல் குளம் இருக்கிறதே என்று நினைப்பது

ஏமாற்றம் அதிகமாக நடக்கும் இடம் இது. டயப்பர் போட்ட பிள்ளைகளையும், கழிப்பறைப் பழக்கம் வராத பிள்ளைகளையும் பெரும்பாலான கப்பல்களில் பொதுக் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் இதே பதில்தான். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமான சிடிசி வகுத்த சுகாதார விதி அது. பல நிறுவனங்கள் உலகம் முழுக்க அதையே பின்பற்றுகின்றன.

காரணம் நியாயமானது. நீச்சல் டயப்பர் கெட்டியான மலத்தைத்தான் கொஞ்ச நேரம் தாங்கும். சிறுநீர் அப்படியே வெளியே போகும், பேதியானால் கிருமியும் கசியும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரின் கலந்த தண்ணீரிலேயே நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு குழந்தை அசுத்தம் செய்துவிட்டால் குளத்தையே மூடிவிடுவார்கள். பணியாளரிடம் வாதாடிப் பயனில்லை. ஜக்கூஸி எனும் வெந்நீர்த் தொட்டியில் "மடியில்தானே உட்கார்ந்திருக்கான்" என்று பிள்ளையை வைத்துக்கொள்வது இதைவிட ஆபத்து. அந்தத் தண்ணீர் 38 டிகிரிக்கும் மேலே இருக்கலாம், சிறு உடம்பு சில நிமிடங்களில் சூடேறிவிடும்.

சில கப்பல்களில் டயப்பர் பிள்ளைகளுக்கென்றே தனி நீர்த்தெளிப்பு இடம் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே "என் கப்பலில் இருக்கிறதா" என்று கப்பலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களில் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது.

அது இல்லாத கப்பலில் கைகொடுப்பது குழந்தைகளுக்கான மடக்கும் குளியல் தொட்டி. விரித்தால் 60, 70 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், மடித்தால் பெட்டியின் அடியில் தட்டாகக் கிடக்கும். காற்றடைக்கும் குளங்களுக்குச் சில நிறுவனங்கள் தடை போட்டிருப்பதால் அதை வாங்கவேண்டாம். கேபின் குளியலறைகளில் பெரும்பாலும் ஷவர் மட்டுமே இருக்கும், அதற்குள் தொட்டி அடங்குகிறதா என்று முதலில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் 5 சென்டிமீட்டர் உயரம், தொட்டால் வெதுவெதுப்புக்குச் சற்றுக் கீழே. ஐஸ் தண்ணீர் ஊற்றினால் நடுக்கம் வந்து உடம்பு வெப்பத்தை இன்னும் பிடித்துக்கொள்ளும். இரண்டு பேப்பர் கப், ஒரு கரண்டி, ஒரு வடிகட்டி போட்டால் இருபது நிமிடம் ஓடிவிடும். அந்த நேரம் முழுக்க உங்கள் கை எட்டும் தூரத்தில் பிள்ளை இருக்க வேண்டும். போன் அடித்தால் அடிக்கட்டும். முடிந்ததும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள்.

இந்தத் தொட்டியைப் பால்கனியில் வைக்காதீர்கள். தண்ணீர் கீழ்த்தளத்து ஆட்கள் மேல் சிந்தும். அதைவிட முக்கியம், தொட்டியோ நாற்காலியோ கம்பித் தடுப்புப் பக்கத்தில் இருந்தால் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. பால்கனிக் கதவைத் திறந்து போட்டால் பல கப்பல்களில் கேபின் ஏசி தானாக நின்றுவிடும். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தரையில் படிந்து வழுக்கவும் செய்யும்.

கெட்டிலும் கேபின் ஃப்ரிட்ஜும்

கஞ்சி காய்ச்ச எலெக்ட்ரிக் கெட்டில், பருப்பு வேகவைக்கக் குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் முனையத்து ஸ்கேனரிலேயே மாட்டிக்கொள்ளும். இதுபோலச் சூடேற்றும் சமையல் கருவிகளுக்குக் கப்பலில் அனுமதியில்லை. காரணம் தீ பயம். எக்ஸ்டென்ஷன் போர்டுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். வீட்டில் சமைத்ததையும் விடமாட்டார்கள். சீல் பிரிக்காத குழந்தை உணவுக்குப் பொதுவாகத் தடை இல்லை. நல்ல ஃபிளாஸ்க் ஒன்று எடுத்துப்போனால் பஃபேயில் எந்நேரமும் வெந்நீர் பிடிக்கலாம். பால்பவுடரை ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று முன்கூட்டியே அளந்து வையுங்கள். கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கலந்தபின் ஆறவைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்காததைக் கொட்டிவிடுங்கள்.

கேபினில் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜைப் பாலுக்கு நம்பவேண்டாம். பல கப்பல்களில் அது பானங்களைச் சில்லென்று வைக்கும் பெட்டிதான், 4 டிகிரிக்கு இறங்காது. எடுத்துவைத்த தாய்ப்பாலோ ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்தோ இருந்தால், மருத்துவத் தேவைக்கான ஃப்ரிட்ஜ் வேண்டும் என்று பயணத்துக்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் தாகம் எடுத்துக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு வயதுக்குள் இருந்தால் தாய்ப்பாலையோ புட்டிப்பாலையோ அடிக்கடி கொடுத்து, நாளொன்றுக்கு 120 முதல் 240 மில்லி தண்ணீரும் கொடுக்கலாம். பெரிய பிள்ளைக்கு அரைமணிக்கு ஒருமுறை நாலைந்து மிடறு. பஃபேயின் ஜூஸ் இயந்திரம் இலவசமாக இருப்பதே வினை. அந்தச் சர்க்கரை பேதியில் கொண்டுபோய் விடும். தயிரும் சாதமும் கிடைக்காத சிங்கப்பூர்க் கப்பல் அபூர்வம். பிசைந்து ஊட்டுங்கள், வெயில் நாளுக்கு அதைவிட நல்ல மதிய உணவு இல்லை.

கிட்ஸ் கிளப் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

கப்பலில் பணியாளர்கள் பிள்ளைகளை விளையாட வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்தான் கிட்ஸ் கிளப். ராயல் கரீபியனில் அதற்கு மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், டயப்பர் விட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் சில கப்பல்களில் கட்டணக் காப்பகம் உண்டு, இடம் கொஞ்சம்தான். ஏறிய அன்றே பதிவு செய்யாவிட்டால் கிடைப்பது கஷ்டம். பெற்றோரும் கூட இருந்து விளையாட விடும் நேரங்களை அன்றாட நிகழ்ச்சிப் பட்டியலில் தேடுங்கள், பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

கேபினில் விளையாட நல்ல சாமான் காந்தம். கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் ஃப்ரிட்ஜில் ஒட்டும் தமிழ் எழுத்து, மிருக உருவங்கள் எல்லாம் சுவரிலேயே ஒட்டும். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு இருக்க வேண்டும். சின்னக் காந்தம் இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். ஜிப் பையில் ஐஸ் கட்டியும் ஒரு ரப்பர் மீனும் போட்டு, வாயை டேப்பால் ஒட்டித் தரையில் வைத்தால் அமுக்கி விளையாடுவார்கள். ஐஸ் கட்டியைத் தனியாகக் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். மாலையில் பால்கனியில் ஒரு தூரிகையும் கால் டம்ளர் தண்ணீரும் கொடுத்தால் தரையில் "பெயின்ட்" அடிப்பார்கள், காய்ந்ததும் மறுபடி அடிப்பார்கள். பாட்டு, கார்ட்டூன் எல்லாம் வீட்டிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள். நடுக்கடலில் இணையத்துக்குத் தனிக் காசு.

ஏறிய நாளில் பெட்டிகள் கேபினுக்கு வந்துசேர மாலை ஆகலாம். ஆறு டயப்பர், மாற்றுடை, தொப்பி, ஃபிளாஸ்க், இரண்டு பொம்மை ஆகியவை கைப்பையில் இல்லாவிட்டால் முதல் நாளே தவிப்பீர்கள்.

எல்லா ஊரிலும் இறங்கியாக வேண்டும் என்பது

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே நிற்கும். லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம், காலையில் இறங்கிப் பத்தரைக்குள் திரும்பலாம். புக்கெட் படோங்கில் கப்பல் கரைக்கு வராது, சிறு படகில் மாற வேண்டும். வண்டியை மடிக்க வேண்டும், காத்திருப்பு வெயிலில். பேபி கேரியரில் பிள்ளையை மார்போடு கட்டினால் இரண்டு உடம்புச் சூடும் சேரும் என்பதால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்தி எடுக்க வேண்டும். போர்ட் கிளாங்கிலிருந்து கோலாலம்பூர் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். அந்த நாளில் கப்பலிலேயே இருந்துவிடுங்கள். எல்லோரும் இறங்கிய பிறகு விளையாட்டு இடமும் நீர்த்தெளிப்பும் காலியாகக் கிடக்கும்.

சூடேறிய பின் செய்யும் தவறுகள்

வெயிலில் இருந்து வந்த பிள்ளைக்கு 38 டிகிரிக்கு மேல் காட்டினால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் படுக்கவைப்பது வழக்கம். வெயிலால் ஏறிய சூட்டை அந்த மருந்து இறக்காது. ஏசி இடத்துக்குக் கொண்டுபோய், துணியைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களைத் துடைத்து விசிறுங்கள். ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுப்பதானால் ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் தூவினால் உப்பு ஏறிவிடும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் போதும். சோர்ந்து துவண்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, சூடு 40 டிகிரியைத் தொட்டாலோ, ஆறு முதல் எட்டு மணி நேரம் டயப்பர் நனையாவிட்டாலோ கேபின் போனில் மருத்துவ மையத்தை அழையுங்கள். கட்டணம் அதிகம் வரும். பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பலில் பார்க்கும் சிகிச்சையும் அதில் அடங்குமா, குழந்தையின் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.