குளவி காதால் கேட்பதில்லை

மற்றப் பூச்சிகளின் மேலோ உள்ளேயோ முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவி, மரக்கட்டை மேல் உணர்கொம்பால் தட்டித் தட்டிப் போவதைப் பார்த்ததும், "உள்ளே புழு நெளியும் சத்தத்தைக் கேட்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில், குளவிக்குக் காதே கிடையாது. காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, அதிர்வை உணரும் உறுப்பு இருக்கிறது. ஒருசஸ் என்ற குளவி உணர்கொம்பின் நுனியால் மரத்தைத் தட்டி, திரும்பி வரும் அதிர்வை முன்னங்கால்களால் வாங்கிக்கொள்கிறது. கொம்பு வெறும் சுத்தியல்தான். அதை "கேட்கும் கொம்பு" என்று எழுதுவது தவறு.

இதைவிடப் பெரிய குழப்பம், ஒட்டுக்கேட்பதையும் தட்டிப் பார்ப்பதையும் ஒன்றாக்கிவிடுவது. இலைக்குள் சுரங்கம் போட்டுத் தின்னும் புழு மெல்லும்போதும் நெளியும்போதும் இலை அதிரும். சில குளவிகளுக்கு அந்த அதிர்வே போதும்; தட்ட வேண்டிய வேலையே இல்லை. ஆனால் கூட்டுப்புழு மெல்லாது, பெரும்பாலும் அசையாது. அப்படியானால் அது தப்பித்துவிடுமா? பிம்ப்லா இனக் குளவிகள் விடுவதில்லை. தாமே அதிர்வை அனுப்பித் தேடுகின்றன. ஆய்வகத்தில் காகிதக் குழாய்க்குள் ஒரு கெட்டியான துண்டை மறைத்து வைத்தார்கள். உள்ளே உயிரும் இல்லை, அசைவும் இல்லை. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஆனாலும் குளவி அந்தத் துண்டு இருந்த பகுதியில்தான் அதிகமாக ஊசியை இறக்கியது. (அது கொட்டும் கொடுக்கு என்று பயப்பட வேண்டாம், முட்டையிடும் குழல்.)

உடனே "வௌவால் மாதிரி" என்று சொல்லத் தோன்றும். வௌவால் எதிரொலி திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. குளவியின் வேலை அதைவிட, சுவரைத் தட்டி எங்கே உள்ளீடற்றது, எங்கே கெட்டி என்று பார்ப்பதற்கு நெருக்கமானது.

எல்லாவற்றையும் அதிர்வின் கணக்கில் எழுதுவதும் சரியில்லை. பைன் மரத்துக்குள் இருக்கும் மரக்குளவிப் புழுவைத் தேடும் ரிஸ்ஸா என்ற ஒட்டுண்ணிக் குளவிக்கு, அந்தப் புழுவோடு மரத்தில் வளரும் பூஞ்சையின் வாசனை முக்கியமான துப்பு. நீளமான ஊசியோடு மரத்தைத் துளைக்கும் குளவியெல்லாம் அதிர்வை நம்பித்தான் வந்தது என்று முடிவுகட்டிவிட முடியாது.

இன்னொன்று, இரை சும்மா கிடக்கிறது என்ற நினைப்பு. குளவி வந்து இறங்குவதும் ஊசியால் குத்துவதும் இலையை அதிர வைக்கின்றன. சுரங்கத்துக்குள் இருக்கும் புழுவுக்கும் அது தெரிகிறது. உடனே துள்ளி நெளிந்து நகர்ந்துவிடும், அல்லது மூச்சுக்காட்டாமல் அப்படியே உறைந்துபோகும்.