லுங்தா கொடிச்சரம்: பொருளும் கட்டும் முறையும்

லே, தரம்சாலா, சிக்கிம் கடைகளில் விற்கும் ஐந்து நிறக் கொடிச்சரத்தை வீட்டுக்குள் சுவரில் மாட்டிவிடாதீர்கள். அது காற்றுக்காகச் செய்யப்பட்டது. திபெத்திய மொழியில் அதன் பெயர் லுங்தா, அதாவது காற்றுக்குதிரை. துணியின் நடுவே அச்சிட்டிருக்கும் குதிரை புத்தம், தர்மம், சங்கம் என்ற மும்மணியை முதுகில் சுமக்கிறது. மூலைகளில் கருடன், டிராகன், புலி, பனிச்சிங்கம்; சுற்றிலும் மந்திர வரிகள். துணி படபடக்கும்போது அந்த நல்வாழ்த்து காற்றோடு போய் எல்லா உயிர்களையும் சேரும் என்பது நம்பிக்கை. ‘எனக்கு இது வேண்டும்’ என்று கேட்பதற்கான கொடி அல்ல இது.

பருத்தித் துணியாகப் பார்த்து வாங்குங்கள். பாலியெஸ்டர் பிறகு எரிக்கும்போது உருகி நச்சுப்புகை விடும். ஓரம் மடித்துத் தைக்காமல் நூல் பிரிந்திருந்தால் அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

எழுத்து நேராகத் தெரியும் பக்கம் நின்று பாருங்கள். இடமிருந்து வலமாக நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வர வேண்டும்: வானம், காற்று, நெருப்பு, நீர், நிலம். இரண்டு சரங்களை இணைத்தால் மஞ்சளுக்கு அடுத்து மறுபடி நீலம்.

வெயிலும் காற்றும் உள்ள காலை நேரம் நல்லது. திபெத்திய நாட்காட்டியில் கொடி ஏற்றக் கூடாத நாட்களும் உண்டு. அருகில் மடாலயம் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். விறைப்பாக இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு வீச்சின் வேகமும் கயிற்றிலேயே விழும். தையல் பிரியும், முடிச்சருகே கயிறு அறும். மிகத் தளர்த்தினால் கொடிகள் கயிற்றைச் சுற்றிக்கொண்டு சுருண்டுவிடும், பிறகு எந்தக் காற்றுக்கும் அசையாது. 5 மீட்டர் இடைவெளிக்கு 5.2 மீட்டர் கயிறு விடுங்கள். நடுவில் ஏறக்குறைய 60 செ.மீ. தொய்யும். அந்தத் தாழ்ந்த இடமும் தலைக்கு மேலே இருக்கட்டும். இரு முனையிலும் 2 அடி வெறும் கயிறு விட்டால் கடைசிக் கொடி கம்பத்தில் உரசிக் கிழியாது. மரத்தில் கட்டினால் பட்டைக்கும் கயிற்றுக்கும் நடுவே பழந்துணி வையுங்கள். மெல்லிய கயிறு, மரம் பருக்கப் பருக்கப் பட்டையை அறுத்துவிடும். மின்கம்பிக்கு அருகே வேண்டவே வேண்டாம்.

முடிச்சுப் போடும்போது எல்லோருக்கும் நலம் நினையுங்கள். அதற்கு மந்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நிறம் வெளுத்தால் வருந்த வேண்டாம். வேண்டுதல் காற்றில் கலந்துவிட்டதாகவே திபெத்தியர்கள் அதைக் கொள்கிறார்கள். லோசர் புத்தாண்டில் புதுச்சரம் ஏற்றுவது வழக்கம். பழையதைத் தரையில் போடாமல், மிதிபடாமல், குப்பையில் சேர்க்காமல் மடித்து எடுத்து, சுத்தமான இடத்தில் எரித்துவிடுங்கள்.