அணைக்க முடியாத சுவிட்ச்: கர்னல் கட்டமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் என் பார்வைக்கு வந்த இரண்டு கர்னல் பேட்ச்களும் (நிரல் திருத்தங்கள்) புதியவர்கள் எழுதியவை. இரண்டிலும் ஒரு காலத்தில் நான் செய்த அதே பிழை. எந்தக் கோப்புகளைக் கம்பைல் செய்வது என்று சொல்லும் மேக்ஃபைலில் வரி சேர்க்க மறப்பது போன்றவை ஒரு மணி நேரத்தில் தானே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘செலக்ட்’ என்னும் சோம்பேறித்தனம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் எந்தெந்தப் பகுதிகள் சேர வேண்டும் என்று தீர்மானிக்கும் கேகன்ஃபிக் மொழியில் ஒரு பகுதிக்கு இன்னொன்று தேவை என்று சொல்ல முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ‘டிபெண்ட்ஸ் ஆன்’ வாசலில் காத்து நிற்கும்: அது இருந்தால்தான் நான் வருவேன். ‘செலக்ட்’ யாரையும் கேட்காது; கையைப் பிடித்து இழுத்து வந்துவிடும். இழுத்து வரப்படும் பகுதிக்கு என்னென்ன தேவை என்று திரும்பிக்கூடப் பார்க்காது.

நான் எழுதியது ஒரு சென்சாரை இயக்கும் டிரைவர். அதில் ரெக்மேப்-ஐ2சியை செலக்ட் செய்திருந்தேன். கட்டமைப்பு மெனுவில் தெரியாத உதவிப் பகுதி அது. அதை அப்படித்தான் கொண்டுவர வேண்டும். ஆனால் அதற்கு ஐ2சி (சிப்களுக்கிடையே தரவு கொண்டுசெல்லும் இணைப்புக்கான பகுதி) தேவை. அந்த நிபந்தனையை என் டிரைவரின் பதிவில் நான் எழுதவில்லை. என் மேஜையில் இருந்த போர்டில் ஐ2சி எப்போதும் இருந்ததால் குறை தெரியவில்லை. போதாக்குறைக்கு, யாரும் கேட்காமலே டிரைவரைச் சேர்த்துவிடும் ‘டிஃபால்ட் ஒய்’ வேறு போட்டிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து வேறொரு குழு, ஃபிளாஷில் இடம் மிச்சம் பிடிக்க ஐ2சியை அணைத்தது. அவர்கள் போர்டில் அந்த சென்சாரே கிடையாது. ஆனாலும் என் டிரைவர் அழையா விருந்தாளியாக உள்ளே ஏறியது. நிறைவேறாத நிபந்தனை பற்றிய எச்சரிக்கை ஆயிரம் வரிகளுக்கு நடுவே ஓடி மறைந்தது. கடைசியில், கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர்தான் ஐ2சி செயற்கூறு கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது.

அதன் பிறகு நான் செய்ததுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. ஐ2சியையும் செலக்ட் செய்தேன். பில்ட் ஓடியது, பெருமையாகவும் இருந்தது. ஆனால் அந்தக் குழுவால் இனி ஐ2சியை அணைக்கவே முடியவில்லை. இரண்டு நாள் தேடிய பின், கட்டமைப்பு மெனுவான மெனுகன்ஃபிக்கில் சாய்கோட்டை (/) அழுத்தித் தேடியபோது, அதைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்ற இடத்தில் என் டிரைவரின் பெயர் நின்றது. தேவைப்பட்டதோ ஒரே வரி: ஐ2சிக்கு ‘டிபெண்ட்ஸ் ஆன்’.

ஐ2சி, யூஎஸ்பி போன்ற பெரிய பகுதிகளை செலக்ட் செய்யாதீர்கள். ஒருவர் செலக்ட் செய்ய, மற்றவர் டிபெண்ட்ஸ் ஆன் எழுத, ஒன்றையொன்று சுற்றிவரும் சார்பு உருவாகி, கட்டமைப்பே பிழை காட்டும்.

‘டிஃபால்ட் ஒய்’

வேண்டாம். உங்கள் டிரைவர் உங்களுக்குத்தான் முக்கியம்.

வெறும் இஃப்டெஃப்

ஒரு பகுதியை மாட்யூலாக (தேவைப்படும்போது தனியே ஏற்றும் துண்டாக) தேர்ந்தெடுத்தால் அதன் கன்ஃபிக் பெயரோடு ‘மாட்யூல்’ என்ற வால் ஒட்டிக்கொள்ளும். ஒரு பெயர் வரையறுக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கும் இஃப்டெஃப், வாலில்லாத பெயரைத் தேடினால் அதைக் காணாது. ஈஸ்-எனேபிள்ட் மேக்ரோ இரண்டையும் பார்க்கும். சாதாரண ‘இஃப்’ கூற்றுக்குள் அதை வைத்தால், அணைந்த பகுதியின் நிரலையும் கம்பைலர் சரிபார்த்த பிறகே நீக்கும்.

பொய் சொல்லும் வெற்றுச் செயற்கூறுகள்

அணைத்த பகுதிக்குப் பதிலாக ஹெடரில் வைக்கும் வெற்றுச் செயற்கூறு எல்லாவற்றுக்கும் பூஜ்யத்தைத் திருப்பினால், வேலை முடிந்தது என்று அழைத்தவர் நம்பிவிடுவார். 2017இல் கர்னலின் 4.10 பதிப்பில் போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பொதுத் தரநிலை) டைமர்களை அணைக்க வழி வந்தபோது, டைமர் உருவாக்கும் அழைப்புக்கு ‘அப்படி ஓர் அழைப்பு இல்லை’ என்னும் ‘ஈநோசிஸ்’ பிழையே திரும்பியது. அந்த நேர்மை வேண்டும்.

சோதனை

ஆல்நோகன்ஃபிக் (முடிந்ததெல்லாம் அணைந்தது), ஆல்மாட்கன்ஃபிக் (முடிந்ததெல்லாம் மாட்யூல்), பிறகு இரவு முழுக்க ராண்ட்கன்ஃபிக் (குலுக்கல் முறைத் தேர்வு). உங்கள் மேஜை போர்டு கணக்கில் சேராது.